பூர்வீகம் தேடுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

எங்க குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குறது) எழுதுறப்ப பங்காளிங்க எல்லாரையும் ஒரே தாள்ல கொண்டுவந்தேன், ஏழு தலைமுறை வந்துச்சு. அதைப் பார்த்துட்டு சொந்தக்காரங்க கேட்டாங்க, அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்க, அப்புறம் மலேசியா, தென்னாப்பிரிக்கால இருந்தெல்லாம் போன். கேள்வி மட்டும் அதேதான் திரும்பத் திரும்ப வருது. அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு எனக்குத் தெரிஞ்ச பதில எழுதியிருக்கேன்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? எனக்கு தாத்தா பேருக்கு மேல ஒண்ணுமே தெரியாது

பெரும்பாலானவங்க நிலைமை அதுதான், கவலைப்படாதீங்க. உங்க குடும்பத்துல இப்ப உயிரோட இருக்குறவங்கள்ல ரொம்ப வயசானவங்க யாரோ அவங்க வீட்டுக்கு இந்த வாரமே கிளம்பிப் போங்க. போன்ல வேணாம், நேர்ல போங்க. ரெக்கார்டு ஆபீஸ்ல இருக்குற தாள் நூறு வருஷமா இருக்கு, இன்னும் பத்து வருஷம் இருக்கும். மனுஷங்க அப்படி இல்ல.

எங்க பெரியப்பாகிட்ட தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப உக்காந்து கேக்கலாம்னு இருந்தேன், அவர் புரட்டாசிலயே போயிட்டார். என் கொள்ளுத்தாத்தா கூடப் பொறந்தவங்க நாலு பேர், அந்த நாலு பேர் பேரும் அவருக்குத் தெரியும். அந்த நாலு பேரை பத்திரங்கள்ல இருந்து நான் தேடி எடுக்க மூணு வருஷம் ஆச்சு, அவர் பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பார். இன்னிக்கும் எனக்கு அது மனசுல கிடக்கு, அதனாலதான் யார் கேட்டாலும் இதையே முதல்ல சொல்றேன்.

பாட்டிகிட்ட கேட்டா "அதெல்லாம் இப்ப எதுக்குடா"ன்னு சொல்லிடுது. எப்படி பேச வைக்கிறது?

"உங்க முப்பாட்டன் பேர் என்ன"ன்னு கேட்டா யாருக்கும் பதில் வராது, பரீட்சை மாதிரி ஆயிடும். உங்க கல்யாணத்துக்கு தாய்மாமன் சீர் யார் கொண்டு வந்தாங்க, சின்ன வயசுல யார் வீட்டுக்கு லீவுக்குப் போவீங்க, யாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சு, ஏன், இப்படிக் கேளுங்க. சண்டை போட்ட கதையில வர்ற அளவுக்கு பேரும் உறவும் வேற எதுலயும் வராது. பழைய கல்யாண போட்டோவ கையில குடுத்துட்டு சும்மா இருந்தா போதும், அவங்களே ஒவ்வொருத்தரா காட்டி சொல்ல ஆரம்பிப்பாங்க. போன்ல ரெக்கார்டிங் போட்டுக்கங்க, போட்டிருக்கேன்னு சொல்லிட்டே போடுங்க.

வருஷம் கேட்டா தெரியாதும்பாங்க, சம்பவத்த வச்சுக் கேளுங்க. தனுஷ்கோடி புயலப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? அது 1964 டிசம்பர். நாகப்பட்டினம் பக்கம்னா 1952 நவம்பர் கடைசியில அடிச்ச புயல கேளுங்க. ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸ காலி பண்ணிட்டு ஊருக்கு வந்தோம்னு சொன்னா அது 1942. "எம்டன் குண்டு போட்டப்ப எங்கப்பா கைக்குழந்தை"ன்னு சொன்னா அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்ட 1914 செப்டம்பர். தாது வருஷப் பஞ்சத்துல ஊர விட்டு வந்தோம்னு வழிவழியா சொல்ற குடும்பம் நிறைய, அது 1876ல தொடங்கின பஞ்சம்.

வீட்ல என்னென்ன தேடணும்? எங்க வீட்ல பத்திரம் கித்திரம் ஒண்ணும் கிடையாது

பத்திரம் இல்லாட்டி பரவால்ல, மொய் நோட்டு இருக்கான்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம வீடுகள்ல இருக்குறதுலயே பெரிய ஆவணம் அதுதான், யாரும் அதை அப்படிப் பாக்குறதில்ல. ஊர் வாரியா பேர் எழுதியிருக்கும், தாய்மாமன் மொய் தனியா இருக்கும், இன்னார் மகன்னு அப்பா பேரோட இருக்கும். 40 வருஷத்துக்கு முந்தின ஒரு கல்யாண மொய் நோட்டுல இருந்து ஒரு குடும்பத்தோட கொண்டான் குடுத்தான் ஊரெல்லாம் எடுத்துடலாம்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. கருமாதிப் பத்திரிகையில மகன், மகள், மருமகன், பேரன் பேத்தி வரைக்கும் வரிசையா இருக்கும், இறந்த தேதியும் இருக்கும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு அடியில வெட்டின பேரைப் பாருங்க, கல்யாண சீரா வந்த பாத்திரத்துல பாட்டியோட அப்பா பேரோ ஊரோ வெட்டியிருப்பாங்க. ஜாதக நோட்டு, பழைய ரேஷன் கார்டு, ஸ்கூல் டிசி, ரயில்வே, மில், மிலிட்டரின்னு வேலை பாத்திருந்தா பென்ஷன் புக், சர்வீஸ் புக் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வையுங்க, பின்பக்கத்தையும் சேத்து.

தாத்தாவுக்கும் அவரோட தாத்தாவுக்கும் ஒரே பேரு. யார் யாருன்னே குழம்புது

பேரன்ங்கிற வார்த்தையே தாத்தா பேரைக் கொண்டவன்னு தான். ராமசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் ராமசாமின்னு மாறி மாறி வரும், அது நமக்கு ஒரு வகையில உதவி. மூத்த பையனுக்கு அப்பாவழி தாத்தா பேர், ரெண்டாவது பையனுக்கு அம்மாவழி தாத்தா பேர்னு பல குடும்பங்கள்ல வைக்கிறாங்க, அதனால தெரியாத பேரை ஓரளவு ஊகிக்கலாம். ஆனா ஊகத்த ஊகம்னு பென்சில்ல எழுதுங்க, பேனாவுல எழுதாதீங்க. ஒரே பேர் வர்றவங்களுக்கு நம்பர் போடுங்க, ராமசாமி 1, ராமசாமி 2ன்னு.

இனிஷியலையும் கவனிங்க. ஒரு எழுத்து இருந்தா அப்பா பேர், ரெண்டு இருந்தா முதல் எழுத்து ஊரா இருக்க வாய்ப்பு இருக்கு. கா.ந. அண்ணாதுரைன்னா காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. உங்க தாத்தா எஸ்எஸ்எல்சி புக்குல ரெண்டு இனிஷியல் இருந்து உங்கப்பா காலத்துல ஒண்ணு காணாமப் போயிருந்தா அந்த எழுத்துதான் நீங்க தேடுற ஊரா இருக்கலாம். இனிஷியல் தாத்தா பேராவும் இருக்கும், அதனால விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

குலதெய்வம் தெரிஞ்சா பூர்வீகம் தெரிஞ்சிடுமா?

பாதி தெரிஞ்ச மாதிரி. ஒரே குலதெய்வத்துக்கு வரி குடுக்குறவங்க பங்காளிங்க, அங்க பூசாரிகிட்டயோ நாட்டாமைகிட்டயோ தலைக்கட்டு நோட்டு இருக்கும். மாசி சிவராத்திரிக்கு ஒரு தடவை போய் ராத்திரி முழுக்க இருந்து பாருங்க, தெக்கத்திப் பக்கம்னா பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போங்க. எந்தெந்த ஊர்ல இருந்து வேன் வந்து நிக்குதோ அங்கெல்லாம் உங்க பங்காளி இருக்காங்க. கோயில் சுவர்ல, மணியில, ட்யூப்லைட்ல "உபயம்"னு எழுதியிருக்குற பேரெல்லாம் போட்டோ எடுங்க.

ஆனா கோயில் இருக்குற ஊர்தான் பூர்வீகம்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. ஊர விட்டுப் போறவங்க மூலக் கோயில்ல இருந்து பிடிமண் எடுத்துட்டுப் போய் புது ஊர்ல வச்சு கோயில் கட்டுவாங்க. எங்க கோயிலே பிடிமண் கோயில்தான்னு ஒரு வயசான பூசாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், மூலக் கோயில் அங்கிருந்து 60 கிலோமீட்டர். அதனால எந்தக் கோயிலுக்குப் போனாலும் "இது மூலமா, பிடிமண்ணா"ன்னு கேளுங்க, இந்த ஒரு கேள்வி உங்களை இன்னும் ரெண்டு மூணு தலைமுறை பின்னாடி கொண்டுபோய் விட்டுடும். கொங்குப் பக்கம் கூட்டம்ங்கிற குலப் பிரிவும் அதுக்குன்னு காணிக்கோயிலும் இருக்கு, நகரத்தார்ல ஒன்பது கோயில்ல எந்தக் கோயில் புள்ளின்னு கணக்கே வச்சிருக்காங்க, அவங்களுக்கு இந்த வேலை ரொம்ப சுலபம்.

குலதெய்வமே தெரியாது, ஜோசியர்கிட்ட கேக்கலாமா?

சாமி கும்பிடுறதுக்கு வழி கேக்குறது உங்க நம்பிக்கை, அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். குடும்ப வரலாறுக்கு அது ஆதாரம் ஆகாது. பங்காளி வீட்டுல ஒரு குடும்பமாவது போய்ட்டு வந்துட்டு இருக்கும், அவங்களைக் கண்டுபிடிங்க. உங்க வீட்டுப் பெண் எடுத்த குடும்பத்துல கேளுங்க, சம்பந்தம் பேசுறப்ப குலதெய்வம் எதுன்னு விசாரிச்சிருப்பாங்க, நாம மறந்தது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தாத்தாவோட பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியுமா?

முயற்சி பண்ணலாம், பெருசா எதிர்பார்க்காதீங்க. மெட்ராஸ் மாகாணத்துல பிறப்பு இறப்பு பதிவுக்கு 1899லயே சட்டம் வந்துச்சு, இப்ப இருக்குறது 1969 சட்டம். ஆனா கிராமத்துல வீட்டுப் பிரசவம், யாரும் போய் சொல்லல, சொன்னாலும் குழந்தை பேர் இருக்காது, "இன்னாருக்கு ஆண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும். அதனால தாத்தா பேரைத் தேடாம அவரோட அப்பா பேரை வச்சு நாலஞ்சு வருஷத்துக்குத் தேடச் சொல்லுங்க. டவுன்னா நகராட்சி, கிராமம்னா தாலுகா ஆபீஸ், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ரெண்டுலயும் கேக்கணும்.

இறப்புப் பதிவு பிறப்பை விட கொஞ்சம் நல்லா கிடைக்கும், சொத்து மாத்துறதுக்கு அது தேவைப்பட்டிருக்கும். அதுகூட வாரிசு சான்றிதழ் வாங்கியிருந்தா அதை விட்டுடாதீங்க, மனைவி, பிள்ளைங்க எல்லார் பேரும் வயசோட ஒரே தாள்ல இருக்கும்.

நிலம் இருந்துச்சுன்னு சொல்றாங்க. பட்டாவப் பாத்தா தாத்தா பேர் வரைக்கும்தான் வருது, அதுக்கு மேல எப்படி?

இப்ப கம்ப்யூட்டர்ல வர்ற பட்டா, சிட்டாவுக்கு அடிப்படை யுடிஆர்னு சொல்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், 1979ல இருந்து 1987 வரைக்கும் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி யார் பேர்ல இருந்துச்சுன்னு தெரிய அந்த சர்வே நம்பரோட பழைய நம்பர் வேணும். அது அ பதிவேட்டுல இருக்கும், விஏஓகிட்ட கேளுங்க. பழைய நம்பர் கிடைச்சதும் தாலுகா ஆபீஸ்லயோ கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லயோ செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் நகல் கேட்டு எழுதிக் குடுங்க. வாயால கேட்டு இல்லன்னு வந்தா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, எனக்கு ஒரு ரெக்கார்டு அப்படித்தான் கிடைச்சது. ஜமீன் கிராமமா இருந்தா கதை வேற, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் அங்க சர்க்கார் செட்டில்மென்ட் நடந்துச்சு, அதுக்கு முந்தினது ஜமீன் கணக்குலதான் இருக்கும்.

இன்னொரு பக்கம் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். வில்லங்கச் சான்று ஆன்லைன்ல பெரும்பாலும் 1975ல இருந்துதான் வரும், அதுக்கு முந்தினதுக்கு நேர்ல போய் தேடுதல் கட்டணம் கட்டி கையெழுத்து இன்டெக்ஸ்ல தேடணும். தேடுறப்ப கிரயப் பத்திரத்தை விட பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு முக்கியத்துவம் குடுங்க. அண்ணன் தம்பிங்க எல்லாரும், செத்துப்போன அண்ணனோட மைனர் பிள்ளைங்களும், அவங்களுக்கு கார்டியனா அம்மாவும், யார் யாரோட மகன்னு எல்லாம் அதுல வந்துடும். எனக்கு ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துல 14 பேர் கிடைச்சாங்க, முன்னாடி சொன்ன அந்த நாலு பேர்ல மூணு பேர் அதுல இருந்தாங்க.

பரம்பரை கணக்குப்பிள்ளை வேலைய 1980ல அரசாங்கம் எடுத்துட்டு விஏஓ கொண்டுவந்தப்ப சில ஊர்ல பழைய கணக்கு நோட்டு அந்தக் குடும்பத்துலயே தங்கிப்போச்சு. மரியாதையா போய் கேட்டா சில பேர் காட்டுவாங்க.

பழைய பத்திரம் கிடைச்சது, ஆனா படிக்கவே முடியல. தமிழா அது?

தமிழ்தான், பழகணும். தாள்ல ௵ மாதிரி ஒண்ணு இருந்தா அது வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ன்னா மேற்படி. "௸யார்"னு வந்தா முன்னாடி சொன்ன ஆள்னு அர்த்தம், அதை ஒரு பேர்னு நினைச்சு குடும்ப சார்ட்ல போட்டவங்களைப் பாத்திருக்கேன். எண்ணும் தமிழ் எண்ணா இருக்கும், ௧ ஒண்ணு, ௨ ரெண்டு, ௰ பத்து, ௱ நூறு. தாள் தலைப்புல தனியா இருக்குறது பிள்ளையார் சுழி, அதை ரெண்டுன்னு படிச்சிடாதீங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த கொம்பு வச்ச லை, ணை, னை எல்லாம் வரும். புள்ளி வைக்காம, வார்த்தைக்கு நடுவுல இடம் விடாம எழுதியிருப்பாங்க. சத்தமா வாசிச்சுப் பாருங்க, கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். எழுபது வயசுக்கு மேல இருக்குற பத்திர எழுத்தர் உங்க ஊர்ல இருந்தா அவர் கால்மணி நேரத்துல படிச்சுடுவார்.

வருஷம் பசலின்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல கொல்லம்னு இருக்கு. எப்படி மாத்துறது?

பசலியோட 590 கூட்டுங்க, அந்த வருஷம் ஜூலைல தொடங்கும். பசலி 1350ன்னா 1940 ஜூலைல இருந்து 1941 ஜூன் வரைக்கும். கொல்லம்னா 824 அல்லது 825 கூட்டணும், கொல்லம் 1100ங்கிறது 1924-25, இது நெல்லை, குமரி பக்கம் நிறைய வரும். சாலிவாகன சகாப்தம்னு இருந்தா 78.

ஜாதகத்துல தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தா கவனம், 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் வரும். தாது வருஷம்னா 1876ஆ இருக்கலாம், 1936ஆ இருக்கலாம். மாசம், தேதி, கிழமை, நட்சத்திரம் நாலையும் வச்சு பழைய பஞ்சாங்கத்தோட ஒத்துப் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

எங்க ஆளுங்களுக்கு நிலமே கிடையாது, கூலி வேலைதான். எங்களுக்கெல்லாம் என்ன ரெக்கார்டு இருக்கப் போகுது?

இந்தக் கேள்விய என்கிட்ட ஒரு தம்பி கேட்டப்ப எனக்கு உடனே பதில் சொல்ல முடியல. நிலம் வச்சிருந்தவனுக்கு வரி வாங்கணும்னு சர்க்கார் பேர் எழுதுச்சு, அந்த நிலத்துல உழைச்சவன் பேரை எழுதல. அது உண்மை. ஆனா ஒண்ணுமே இல்லன்னு விட வேண்டியதில்ல.

செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல குடுத்த அறிக்கைக்கு அப்புறம் 1892ல இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடுத்த பஞ்சமி நிலம் இருக்கே, அதோட பதிவுல "டிசி" (டிப்ரஸ்டு கிளாஸ்) கண்டிஷன் பட்டான்னு பேரோட இருக்கும். நிலம் இப்ப யார் கையில இருந்தாலும் முதல்ல யாருக்கு ஒப்படைச்சாங்கன்னு பழைய ரெஜிஸ்டர்ல தேடலாம். மிஷன் சர்ச் ரெஜிஸ்டர், மிஷன் ஸ்கூல் அட்மிஷன் ரெஜிஸ்டர், பட்டாளம், ரயில்வே, கோலார் தங்கவயல், தேயிலை எஸ்டேட், இங்கெல்லாம் கூலியா போனவங்க பேரை எழுதி வச்சாங்க. கப்பல்ல போன கூலிக்கு ஊர், தாலுகா, அப்பா பேர் உட்பட எழுதினாங்க, அதைக் கீழ சொல்றேன். ஊர்ல நிலம் வச்சிருந்த பல குடும்பத்துக்கு 1860ல இவ்வளவு விவரம் கிடையாது. முதல் கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்கு இன்னும் அதிகமா பொருந்தும், உங்க வீட்டு ஆயா சொல்றதுதான் ரெக்கார்டு, அதை இன்னிக்கே பதிவு பண்ணுங்க.

சார்ட்ல ஆம்பளைங்க பேர் மட்டும்தான் வருது. பாட்டிமாரோட பேரெல்லாம் எங்க போச்சு?

ஊர்ல "பரமக்குடிக்காரி", "இன்னார் ஆத்தா"ன்னு கூப்பிட்டே பேர் மறைஞ்சு போச்சு. ஆனா அந்தப் பட்டப்பேர்லயே அவங்க பொறந்த ஊர் இருக்கு, அங்க போங்க. பொறந்த வீட்டுல அவங்க பேர் ஞாபகம் இருக்கும், அண்ணன் தம்பி வழிப் பேத்திகளுக்கு அந்தப் பேரை வச்சிருப்பாங்க. தமிழ்நாட்டுல 1989ல பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்துல சம உரிமை குடுத்து சட்டத்த மாத்தினாங்க, அதுக்கப்புறம் நிலத்த விக்கிறப்ப அக்கா தங்கச்சிங்ககிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினாங்க. உரிமைய விட்டுக் குடுக்குறதுக்காக எழுதின பத்திரத்துலதான் அவங்க முழுப் பேரும் புருஷன் பேரும் ஊரும் முதல் தடவையா பதிவாகுது. படிக்கவே மனசு கஷ்டமா இருக்கும், ஆனா தேடுங்க. கொண்டையங்கோட்டை மறவர்கள்ல கிளை அம்மா வழியா வரும், அவங்ககிட்ட தாய்வழி ஞாபகம் நல்லா இருக்கும்.

சார்ட்டுல அம்மாவோட அம்மாவோட அம்மான்னு ஒரு கோடு தனியா போடுங்க. நான் போட்டேன், நாலு பேருக்கு மேல போகல, அந்த நாலாவது பேருக்காக ஒரு வருஷம் அலைஞ்சேன்.

நாங்க கிறிஸ்டியன் / முஸ்லிம். எங்களுக்கு குலதெய்வம் வழி சரிவராதே?

சர்ச்னா உங்களுக்கு வேலை சுலபம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூணுக்கும் ரெஜிஸ்டர் இருக்கும், ஞானப்பெற்றோர் பேரும் பெரும்பாலும் சொந்தக்காரங்கதான். தரங்கம்பாடி மிஷன் 1706ல தொடங்கினது, திருநெல்வேலிப் பக்கம் மிஷன் சபைகளும் பழசு. இப்ப இருக்குற சபை எந்தச் சபையில இருந்து பிரிஞ்சதுன்னு கேட்டு தாய்ச் சபைக்குப் போங்க. ஞானஸ்நானத்துல பேர் மாறியிருக்கும், பழைய பேரும் பக்கத்துல எழுதியிருக்கான்னு பாருங்க, அதைப் பிடிச்சு மதம் மாறாத பங்காளி வீட்டுக்கே போயிடலாம்.

முஸ்லிம் குடும்பம்னா பள்ளிவாசல் ஜமாத்துல நிக்காஹ் பதிவேடு இருக்கும், மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பேரோட அப்பா, வக்கீல் (பொண்ணு சார்பா சம்மதம் சொல்றவர்), சாட்சி எல்லாம் வரும். கடலோர ஊர்னா வீட்டுப் பேர், பட்டப்பேர் ரொம்ப முக்கியம், அதை விட்டுடாதீங்க. மையவாடியில (அடக்கம் பண்ற இடம்) மீசான் கல்லுல, அதாவது கபர் தலைமாட்டுக் கல்லுல, எழுத்து இருந்தா பாருங்க.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனா எல்லாம் கிடைச்சிடுமா?

முதல் வேலையா அங்க போகாதீங்க. எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகக் கட்டடம் 1909ல வந்தது, அங்க இருக்குறது அரசாங்கக் கோப்பு, குடும்ப வாரியா இல்ல, மாவட்டம், வருஷம், துறை வாரியா இருக்கு. ஊர் பேர், தாலுகா, சுமாரான வருஷம் தெரியாம போனா நாள் முழுக்க உக்காந்துட்டு வெறுங்கையோட வருவீங்க. உங்க குடும்பத்துக்கு மானியம் இருந்துச்சுன்னா, கோயில் மானியம், ஊழிய மானியம் எதுவா இருந்தாலும், 1860கள்ல எழுதின இனாம் ஃபேர் ரெஜிஸ்டர் கேளுங்க, அன்னிக்கு யார் அனுபவிச்சாங்க, அவங்களுக்கு யார் மூலமா வந்துச்சுன்னு இருக்கும்.

எல்லையும் கவனிக்கணும். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவாங்கூர்ப் பக்கம், பழைய ரெக்கார்டு மலையாளத்துல, திருவனந்தபுரம் வழியா போகணும். புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம். பழைய தாள்ல தென் ஆற்காடுன்னு இருந்தா இன்னிக்கு அது கடலூரோ விழுப்புரமோ கள்ளக்குறிச்சியோ.

தென்னாப்பிரிக்கா / மொரிஷியஸ்ல இருக்கோம், கப்பல்ல வந்தவங்க. ஊர் எப்படி கண்டுபிடிக்கிறது?

உங்களுக்கு கப்பல் பட்டியல் இருக்கு, பெரிய பொக்கிஷம் அது. நேட்டாலுக்கு மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ல போய்ச் சேந்ததுல இருந்து 1911 வரைக்கும் இந்தியாவுல இருந்து மொத்தம் 1,52,184 பேர் போனாங்க, ஒவ்வொருத்தருக்கும் நம்பர் உண்டு. பேர், அப்பா பேர், வயசு, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லான்னு எழுதியிருக்கு. மொரிஷியஸ்னா மோகாவுல இருக்குற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல குடியேறினவங்க ரெஜிஸ்டர் இருக்கு, சிலருக்கு போட்டோவே இருக்கு. ஃபிஜிக்கு 1903ல இருந்துதான் மெட்ராஸ் வழியா ஆள் போனாங்க, அவங்களுக்கு எமிக்ரேஷன் பாஸ் இருக்கு.

கஷ்டம் என்னன்னா வெள்ளைக்கார கிளார்க் காதுல விழுந்தத எழுதினது. முனுசாமி மூன்சாமி ஆயிட்டார், கவுண்டர் கோவெண்டர் ஆயிட்டார், ஊர் பேரும் அப்படியே. அந்த எழுத்தை வாய்விட்டு அஞ்சாறு விதமா சொல்லிப் பாருங்க, அப்புறம் அந்த தாலுகாவுல இருக்குற கிராமப் பட்டியலோட ஒத்துப் பாருங்க. ஜில்லாவும் தாலுகாவும் பெரும்பாலும் சரியா இருக்கும். பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போனவங்களுக்கு பிரெஞ்சு ரெக்கார்டு, பிரான்ஸ்ல எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ்ல இருக்குற ஆவணக் காப்பகம் பாண்டிச்சேரி பிறப்பு இறப்பு ரெஜிஸ்டர்களை ஆன்லைன்லயே போட்டிருக்கு. அதுல 1881க்கு அப்புறம் திடீர்னு பிரெஞ்சுக் குடும்பப் பேர் வந்தா பயப்படாதீங்க, அந்த வருஷ ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போனவங்க அப்படி பேர் வச்சுக்கிட்டாங்க, ஆள் நம்ம ஆள்தான்.

மலேசியா எஸ்டேட்டுக்குப் போனவங்களுக்கும், சிலோன்ல இருந்து வந்தவங்களுக்கும் அப்படி பட்டியல் இருக்கா?

அந்த அளவுக்கு இல்ல. மலாயாவுக்கு கங்காணி மூலமா போனவங்கதான் அதிகம், 1938ல இந்திய அரசாங்கம் அதைத் தடை பண்ற வரைக்கும். ஆனா கங்காணி தன் ஊர், பக்கத்து ஊர், சொந்தக்காரங்கன்னுதான் ஆள் சேத்தாரு, அதனால ஒரே எஸ்டேட்ல இருந்தவங்க பெரும்பாலும் ஒரே வட்டாரம். உங்க ஊர் தெரியாட்டி தாத்தா இருந்த எஸ்டேட்ல மத்தவங்களோட ஊர் எதுன்னு கேளுங்க. எங்க கொள்ளுத்தாத்தாவோட கடைசித் தம்பி ரஜுலா கப்பல்ல பினாங்கு போனவரு, முன்னாடி சொன்ன நாலாவது ஆள் அவர்தான், அவர் கொள்ளுப்பேரன ஒரு பழைய கடிதத்தோட கவர்ல இருந்த எஸ்டேட் பேரை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

சிலோன்னா 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்த குடும்பங்கள்கிட்ட பழைய இந்திய பாஸ்போர்ட்டும், மண்டபம் கேம்ப்ல குடுத்த குடும்ப அட்டையும் இருக்கும். அந்த பாஸ்போர்ட்டத் தூக்கிப் போட்டுடாதீங்க, பூர்வீக ஊர், தாலுகா எழுதியிருக்கான்னு ஒவ்வொரு பக்கமா பாருங்க. மலையகத்துலயும் கங்காணி முறைதான், அதே யோசனை பொருந்தும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஊர் தெரியுமா?

தெரியாது. தென்னிந்தியான்னு சொல்லும், அது உங்களுக்கே தெரியும். ஊர், குலதெய்வம், தாத்தா பேர் எதுவும் எச்சில்ல இல்ல. வெளிநாட்டுல பிரிஞ்சு போன கிளைக்கு அது உதவும், உங்க உறவுக்காரங்க யாராவது ஏற்கனவே டெஸ்ட் எடுத்திருந்தா பொருத்தம் காட்டும்.

ஆனா அது சொல்ற உறவு முறைய அப்படியே நம்பாதீங்க. நம்மள்ல மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள்னு தலைமுறை தலைமுறையா கட்டினதால ஒரே முன்னோர் ரெண்டு மூணு வழியில வருவாங்க, அதனால தூரத்து உறவுகூட ரொம்ப நெருங்கின உறவு மாதிரி காட்டும். ரெண்டாம் பங்காளின்னு காட்டினா அது நாலஞ்சு தலைமுறை தள்ளியும் இருக்கலாம்.

நாங்க ராஜ வம்சம்னு ஒருத்தர் பணம் வாங்கிட்டு சார்ட் போட்டுத் தர்றார். நம்பலாமா?

ஒவ்வொரு தலைமுறைக்கும் என்ன ஆதாரம்னு கேளுங்க. உங்க தாத்தாவோட அப்பாவுக்கு ஒரு தாள் காட்ட முடியாதவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்குப் போறாருன்னா நடுவுல இருக்குறது எல்லாம் கற்பனை. பணத்தை வச்சு குலதெய்வம் கோயில் தலைக்கட்டு நோட்டை ஸ்கேன் பண்ணுங்க.

ரெண்டு ஆவணத்துல ரெண்டு மாதிரி இருக்கு. எதை நம்புறது?

சம்பவம் நடந்தப்பவே எழுதினது எதுவோ அதுக்கு மதிப்பு அதிகம். ஸ்கூல் சர்டிபிகேட் பிறந்த தேதிய நம்பாதீங்க, அஞ்சு வயசு ஆகணும்னு வாத்தியாரே மே, ஜூன்ல ஒரு தேதிய போட்டுடுவாரு. ஜாதகம் இருந்தா அதை எடுத்துக்கங்க, மேல சொன்ன மாதிரி சரிபாருங்க. வாக்காளர் பட்டியல்ல உறவுமுறை சரியா இருக்கும், வயசு சுமார்தான். ரெண்டையும் எழுதி, எது எங்க இருந்து வந்துச்சுன்னு பக்கத்துலயே குறிச்சு வையுங்க.

தேடுறப்ப வேண்டாத விஷயம் தெரிஞ்சுது. தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கு. சார்ட்ல போடலாமா?

உங்க நோட்டுல எழுதுங்க, கண்டிப்பா எழுதுங்க. அந்தப் பிள்ளைங்களும் அவர் பிள்ளைங்கதான். ஆனா எல்லாருக்கும் அனுப்புற சார்ட்ல போடுறதுக்கு முன்னாடி உயிரோட இருக்குறவங்ககிட்ட கேளுங்க, ரெண்டு குடும்பத்துலயும். தத்து எடுத்தது, கலப்புத் திருமணம் பண்ணிக்கிட்டு ஒதுக்கி வச்சது, எல்லாத்துக்கும் இதேதான். இருக்குறவங்க பிறந்த தேதி, போன் நம்பர், அட்ரஸ் எதுவும் பொது சார்ட்ல வேணாம். ஓடிப்போனான்னு பேரை வெட்டி விட்ட ஒரு அத்தைய எங்க சார்ட்ல திரும்பச் சேத்தோம், அவங்க பொண்ணு அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டே இருந்தாங்க.

ஊரைக் கண்டுபிடிச்சிட்டேன். நேர்ல போனா சொத்து கேக்க வந்திருக்கான்னு நினைப்பாங்களோ?

நினைப்பாங்க, அது அவங்க தப்பில்ல. மூணு தலைமுறையா உழுதுட்டு இருக்குற நிலத்துக்கு திடீர்னு ஒருத்தன் பத்திர நகலோட வந்தா யாருக்கும் பயம் வரும். அதனால முதல் தடவை போறப்ப எந்தத் தாளும் எடுத்துட்டுப் போகாதீங்க. நேரா கோயிலுக்குப் போங்க, அர்ச்சனை பண்ணுங்க, பூசாரிகிட்ட "எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊர்னு சொன்னாங்க, சாமி கும்பிட வந்தோம்"னு சொல்லுங்க, மத்தது தானா நடக்கும். வீட்டுக்குக் கூப்பிட்டா பழம், பூ வாங்கிட்டுப் போங்க, வீட்டுல மூத்தவங்க கால்ல விழுந்து திருநூறு வாங்குங்க. நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க, அவங்களா காட்டினா பாருங்க.

எங்க மலேசியாக்கார தம்பி, அந்த நாலாவது ஆளோட கொள்ளுப்பேரன், போன மாசி சிவராத்திரிக்கு வந்தப்ப முதல் ரெண்டு மணி நேரம் யாரும் சரியா பேசல. அப்புறம் படையல் பங்கு பிரிக்கிறப்ப பூசாரி தலைக்கட்டு நோட்டைப் பாத்து நாலாவது கரைக்கு, அதாவது அந்த பங்காளி வகையறாவுக்கு, யார் வந்திருக்காங்கன்னு வழக்கம்போல கேட்டாரு. எண்பது வருஷத்துக்கு மேல அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்ல. தம்பி எந்திரிச்சு "நான் வந்திருக்கேன்"னு சொன்னான்.